பென்சிலில் எழுதிய ஐந்து வரிகள்

மூன்றாம் நாள்
பள்ளி மண்டபத்தின் நான்காம் படியோடு நின்றுவிட்டது வெள்ளம்.
செம்பனை மட்டைகளும்
யாருடையதோ ஒரு மோட்டார் சைக்கிள் இருக்கையும்
கொடிக்கம்பத்தைச் சுற்றிச் சுற்றி வந்தன.

நான் பள்ளிக் கிராணி.
பால் பொட்டலக் கணக்கு எழுதுகிறவள்.
கையெழுத்து நன்றாயிருக்கும் என்று
என்னிடம் பதிவேட்டைக் கொடுத்தார்கள்.
பெயர். வயது. லயன் எண். உடன் வந்தவர்.
சுங்கை மெராந்தித் தோட்டத்தில் நூற்றெழுபது பேர்.
ஐந்து பேருக்குக் கடைசிக் கட்டம் காலி.
ஐவரும் என் இடுப்பு உயரத்துக்குக் கீழே.

அந்த ஐந்து வரியை மட்டும் பென்சிலில் எழுதினேன்.
பேனாவில் எழுதினால்
அப்படியே ஆகிவிடும் என்றொரு பயம்.

நல்லவர்கள் முதலில் வந்தார்கள்.
நல்லவர்களைத்தான் சமாளிக்க முடியவில்லை.
ஈப்போவிலிருந்து ஒரு நகைக்கடைத் தம்பதி,
ஆறு டின் மைலோவோடு.
'அந்தச் சின்னதைக் கொடுங்கம்மா,
ராணி மாதிரி வளர்ப்போம்.'
அந்த அம்மாவின் கண் நிஜமாகவே கலங்கியிருந்தது.
மைலோவுக்கு ரசீது போட்டுக் கொடுத்தேன்.
பிள்ளைக்கு ரசீதுப் புத்தகம் இல்லை என்றேன்.

கைப்பேசியை உயர்த்திக்கொண்டு வந்தவர்களுக்காக
மூலையில் கயிறு கட்டி
ஒரு பாத்தேக் சாரோங்கைத் தொங்கவிட்டேன்.
அதற்குள் யாரோ முகநூலில் போட்டுவிட்டார்கள்,
ஐந்து முகம், ஐந்து பெயர்.

அன்று மாலையே வந்தான் ஒரு 'மாமா'.
பெயரைச் சரியாகச் சொன்னான்: யுவனேஸ், ஆறு வயது.
வீட்டில் என்ன சொல்லிக் கூப்பிடுவீர்கள் என்று கேட்டேன்.
சிரித்தான்.
வாசலில் அவனுடைய லோரி
எஞ்சினை அணைக்காமல் நின்றுகொண்டிருந்தது.
கோப்ரல் நோராய்னி தேநீர்க் கிளாசோடு படியிறங்கியதும்
லோரி கிளம்பிவிட்டது.
அதன் எண்ணைப் பேனாவில் எழுதினேன்.

மறுநாள் இன்னொரு மாமா.
ஜொகூர் கையுறைத் தொழிற்சாலைச் சட்டை,
முழங்கால்வரை சேறு,
பாலம் உடைந்த இடத்திலிருந்து நடந்தே வந்திருக்கிறார்.
அதே கேள்வி.
அவருக்கும் தெரியவில்லை.
நாலு வருசமாகப் பேச்சில்லை, என்ன கூப்பிட்டார்களோ, என்றார்.
கத்தினார்.
பிறகு கேட்டைப் பிடித்துக்கொண்டு அழுதார்.
நான் கேட்டைத் திறக்கவில்லை.

இரண்டு இரவு எதிரே பேருந்து நிறுத்தத்தில் படுத்திருந்தார்.
சோறு அனுப்பினேன். தின்றாரா என்று பார்க்கவில்லை.
மழை வலுத்தபோது
ஜன்னலைச் சாத்திக்கொண்டேன்.

மூன்றாம் காலை சாரோங்கை விலக்கிப் பார்த்த யுவனேஸ்
'அந்த ஆளு எங்கப்பா மாதிரியே குந்துறாரு' என்றான்.
அது போதவில்லை எனக்கு.
நலத்துறை அதிகாரி படகில் வந்து
பிறப்புப் பத்திரங்களை எண் எண்ணாக ஒத்துப் பார்த்துத்
தலையாட்டியபோது பொழுது சாய்ந்திருந்தது.
கையெழுத்துப் போட்டுவிட்டு நிமிர்ந்தார் சந்திரபாலன்.
'ரெண்டு நாளு நாய் மாதிரி போட்டு வச்சீங்க.'
ஆமாம் என்றேன்.
நன்றி சொல்லவில்லை. எதற்குச் சொல்ல வேண்டும்?
பையன் அவர் சட்டையை மட்டும் பிடித்துக்கொண்டு நடந்தான்,
கையைப் பிடிக்கவில்லை இன்னும்.

வெள்ளம் வடிந்து
கரும்பலகைவரை மண் கோடு.
அழித்துப் பேனாவில் எழுதியது நான்கு வரி.
ஐந்தாவது, கேட்டால் 'பாப்பா' என்கிறது.
எல்லா லயத்திலும் எல்லா வீட்டிலும் ஒரு பாப்பா.
வயது மூன்று இருக்கலாம்.
இரவில் என் சுண்டுவிரலைப் பிடித்துக்கொண்டுதான் தூங்குகிறது.

நேற்று
எல்லோரும் உறங்கிய பிறகு
'உடன் வந்தவர்' கட்டத்தில்
என் பெயரின் முதலெழுத்தை எழுதிவிட்டிருந்தேன்.

பாப்பாவை அவள் வீட்டில்
என்ன சொல்லிக் கூப்பிட்டார்கள்?

ரப்பரைத் தேடினேன்.
தாளில் லேசாய் ஒரு பள்ளம் மட்டும் இருக்கிறது,
வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்தால் தெரியும்.